கூரையில் ஏறிய மன்னர்களும் காலடியில் கிடக்கும் பாம்புத்தலைப் பெண்ணும்

1649 ஜனவரி 30. லண்டன் ஒயிட்ஹால் அரண்மனை. இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ் விருந்து மண்டபத்தின் வழியே நடத்திச் செல்லப்படுகிறான். குளிரில் உடம்பு நடுங்கினால், பயத்தில் நடுங்குகிறான் என்று கூட்டம் நினைத்துவிடும் என்பதற்காக இரண்டு சட்டை போட்டிருக்கிறான். அவன் தலைக்கு மேலே, கூரையில், அவனுடைய அப்பா முதலாம் ஜேம்ஸ் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நீதி என்னும் பெண் கைபிடித்துத் தூக்குகிறாள், கழுகு சிறகு விரிக்கிறது, குண்டுக் குழந்தைகள் இலைமாலையோடு பறக்கின்றன. கீழே மகன் ஜன்னலைத் தாண்டி வெளியே போகிறான். அங்கே மேடை, கட்டை, கோடரி. ஒரே வெட்டு.

அந்தக் கூரையை வரையச் சொன்னவனே இந்தச் சார்லஸ்தான். வரைந்தவர் பீட்டர் பால் ரூபன்ஸ். ஐரோப்பிய பரோக் ஓவியத்தைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பத்துப் பக்கத்துக்குள் வந்துவிடும் பெயர். நுண்கலைக் கல்லூரியிலோ வரலாற்று வகுப்பிலோ இருக்கும் தோழர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அந்த வகுப்புகளில் சொல்லித் தருவதும் நமக்குத் தெரியும்: ஒளி எப்படி விழுகிறது, சதை எப்படி மின்னுகிறது, உடல்கள் எப்படிச் சுழன்று மேலே ஏறுகின்றன, கீழிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ப உருவங்களை எப்படிச் சுருக்கி வரைந்திருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சுழலில் காலடியில் மிதிபட்டுக் கிடப்பது யார் என்று கேட்டால், 'அது உருவகம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லோடு சண்டை போடுவதற்காகத்தான்.

உருவகம் என்றால் என்ன? ஒரு கருத்துக்கு உடம்பு கொடுப்பது. அமைதிக்கு ஒரு பெண், செழிப்புக்கு ஒரு பெண், புகழுக்கு ஊதுகொம்பு பிடித்த சிறகுக்காரி. இதற்கெல்லாம் அகராதியே இருந்தது. சேசரே ரிப்பா என்ற இத்தாலியர் 1593இல் 'இகோனோலோஜியா' என்ற நூலை வெளியிட்டார். 1603இல் படங்களோடு வந்த அதன் பதிப்பை அடுத்த நூற்றாண்டு முழுவதும் ஓவியர்கள் கைநூலாக வைத்துக்கொண்டார்கள். பொறாமையை எப்படி வரைய வேண்டும், அறியாமையை எப்படி வரைய வேண்டும் என்று அது சொல்லித் தரும். கண்டங்களை எப்படி வரைய வேண்டும் என்றும் சொல்லும். ஐரோப்பா என்றால் கிரீடம் அணிந்த அரசி, கையில் கோயில். அமெரிக்கா என்றால் நிர்வாணப் பெண், கையில் வில், காலடியில் அம்பு தைத்த மனிதத் தலை. நாட்டைப் பிடுங்கி, தங்கத்தை அள்ளி, சுரங்கத்தில் மக்களைக் கொன்றவர்கள் கையில் கோயில். கொல்லப்பட்டவர்களின் காலடியில் வெட்டுண்ட தலை. இதற்குப் பெயர் மரபாம்.

சரி, ஒயிட்ஹால் கூரைக்கு வருவோம். ரூபன்ஸ் 1629இல் ஸ்பெயினின் தூதராக லண்டனுக்கு வந்தார். ஓவியர், தூதர் இரண்டு வேலையும் பார்த்தவர் அவர். சார்லஸ் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தான். கூரைக்கான வேலையும் கிடைத்தது. ஆன்ட்வெர்ப் நகரத்துப் பட்டறையில் ஒன்பது பெரிய துணிகளில் வரைந்து, சுருட்டி, கப்பலில் அனுப்பினார். 1636இல் கூரையில் ஏற்றினார்கள். கூலி 3,000 பவுண்ட், கூடவே ஒரு தங்கச் சங்கிலி. அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு கூலியாள் நாளெல்லாம் உழைத்தாலும் ஒரு ஷில்லிங்கைப் பார்ப்பது அரிது. அந்த ஒரு ஷில்லிங்கையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். 3,000 பவுண்ட் என்றால் 60,000 நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும், ஒரு மனிதர் இருநூறு ஆண்டு உழைக்க வேண்டும்.

1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்த சார்லஸ், பதினோரு ஆண்டுகள் அதைக் கூட்டவே இல்லை. நாடாளுமன்றம் இல்லாமல் வரி போட முடியாது என்பதால் குறுக்குவழி தேடினான். கடலோர ஊர்கள் போர்க்காலத்தில் கப்பலுக்காகக் கொடுத்துவந்த பழைய வரி ஒன்று இருந்தது. 1635இல் அதைக் கடலையே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தான். கொடுக்க மறுத்த ஜான் ஹாம்ப்டன் மீது வழக்கு நடந்தது. பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னன் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். மன்னன் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நீதிபதிகளிலேயே ஐந்து பேருக்கு அது அநியாயமாகத் தெரிந்திருக்கிறது. கூரையில் மட்டும் நீதிதேவதைக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மன்னனின் அப்பாவை இழுத்துக்கொண்டு மேலே போகிறாள்.

அந்தக் கூரையின் மூன்று பெரிய ஓவியங்களில் ஒன்று 'ஜேம்ஸின் அமைதியான ஆட்சி'. முறுக்குத் தூண்களுக்கு நடுவே ஜேம்ஸ் வீற்றிருக்கிறான். அமைதியும் செழிப்பும் கட்டித் தழுவுகின்றன. அறிவின் தெய்வமான மினர்வா, தீப்பந்தம் ஏந்திய கலகத்தைக் கீழே இருட்டுக்குள் தள்ளுகிறாள். மூலைகளில் இருக்கும் முட்டை வடிவ ஓவியங்களிலும் இதே வேலைதான். ஹெர்குலிஸ் தன் தடியை ஓங்கிக்கொண்டு பாம்புக் கூந்தல் பெண்ணின் மேல் நிற்கிறான். அந்தப் பெண் யார்? அறிஞர்கள் சிலர் பொறாமை என்கிறார்கள், சிலர் கலகம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஓவியமே சொல்லிவிடுகிறது. எதிர்த்து நின்றவன் பொறாமைக்காரன், அவ்வளவுதான். அவனுக்குக் காரணம் கிடையாது, கோரிக்கை கிடையாது. பாம்பு மட்டும் இருக்கிறது.

ஆனால் ஜேம்ஸின் அந்த 'அமைதியான ஆட்சி'யில் கலகம் செய்தவர்களுக்குப் பெயர் இருந்தது. 1607ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்கள். ஊர்ப் பொதுநிலங்களையும் விளைநிலங்களையும் நிலவுடைமையாளர்கள் வேலி போட்டு வளைத்து ஆட்டுமந்தை மேய்க்க விட்டார்கள். உழுதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தானிய விலை ஏறியது. ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் திரண்டு மண்வெட்டியோடு போய் வேலியைப் பிடுங்கினார்கள், அகழியை நிரவினார்கள். 'சமமாக்குவோர்', 'தோண்டுவோர்' என்ற பெயர்கள் அந்தக் கிளர்ச்சியில்தான் புழக்கத்துக்கு வந்தன. முன்னால் நின்றவர் ஜான் ரெனால்ட்ஸ் என்ற ஏழை. இடுப்பில் ஒரு பை வைத்திருப்பார். 'உங்களைக் காப்பாற்றப் போதுமானது இதற்குள் இருக்கிறது' என்று மக்களிடம் சொல்லிவந்ததால் கேப்டன் பௌச் என்றே பெயர். பிடிபட்ட பிறகு பையைத் திறந்து பார்த்தால் பூஞ்சை பிடித்த பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றுதான் இருந்ததாம். தூக்கிலிட்டார்கள். 1607 ஜூன் 8 அன்று நியூட்டன் என்ற ஊரில் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் கூட்டத்தின் மீது பாய்ந்து நாற்பது ஐம்பது பேரைக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் சிலரைத் தூக்கிலிட்டு, உடலை நான்காகக் கூறுபோட்டு, சுற்று வட்டார ஊர்களில் தொங்கவிட்டார்கள்.

ரூபன்ஸின் கூரையில் ஜான் ரெனால்ட்ஸ் இல்லை என்று நாம் புகார் சொல்லவில்லை. அவர் இருக்கிறார் என்பதுதான் நம் குற்றச்சாட்டு. பையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் தீப்பந்தம் திணித்து, கூந்தலில் பாம்பு செருகி, அடையாளம் தெரியாதபடி காலடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவரைக் கொன்ற பிறகு அவருடைய முகத்தையும் கொல்வதற்குக் கண்டுபிடித்த நாகரிகமான வழி இது. வேலியைப் பிடுங்கியவர்களைக் கொன்றோம் என்று கூரையில் எழுத எந்த மன்னனுக்கும் தைரியம் வராது. அறிவு கலகத்தை வென்றது என்று எழுதலாம். விருந்துக்கு வரும் தூதர்கள் அண்ணாந்து பார்த்து ரசிப்பார்கள்.

ஒரு துணுக்கு. அந்த மண்டபத்தில் அதுவரை மன்னனும் அரசியும் பிரபுக்களும் தெய்வ வேஷம் கட்டி நாடகம் ஆடுவது வழக்கம். ஓவியத்தை ஏற்றிய பிறகு மெழுகுவத்திப் புகை படம் பிடிக்கும் என்று நாடகத்தை வேறு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். தெய்வமாக நடிக்க இடமில்லை. தெய்வமாகவே கூரையில் ஏறிய பிறகு நடிப்பு எதற்கு?

'ரூபன்ஸ் போன்ற கலைஞர் என்ன செய்வார், அரசன் சொன்னதை வரைந்தார், அது அந்தக் காலத்து வழக்கம்' என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லூவரில் உள்ள மரீ த மெடிசி ஓவிய வரிசையை நினைவூட்டுகிறோம். பிரெஞ்சு மன்னன் நான்காம் ஹென்றியின் மனைவி மரீ. 1610 மே 13 அன்று முடிசூட்டிக்கொண்டாள், மறுநாளே கணவன் தெருவில் குத்திக் கொல்லப்பட்டான். சிறுவனான மகன் பதின்மூன்றாம் லூயியின் பெயரில் ஆண்டாள். 1617இல் அந்த மகனே அவளுடைய நம்பிக்கைக்குரியவனைக் கொல்லவைத்து, அவளைப் பாரிஸை விட்டுத் துரத்தினான். ப்ளுவா கோட்டையில் இருந்து 1619இல் ராத்திரியோடு ராத்திரியாக ஜன்னல் வழியே தப்பினாள். பிறகு அம்மாவும் மகனும் படை திரட்டிச் சண்டையும் போட்டார்கள். சமாதானம் ஆன பிறகு, 1622இல், தன் வாழ்க்கையை 24 ஓவியங்களாக வரையச் சொல்லி ரூபன்ஸிடம் ஒப்பந்தம் போட்டாள். 

கதை இவ்வளவு கந்தலாக இருந்தால் எப்படி வரைவது? உருவகம் கைகொடுத்தது. அவளுடைய கல்யாணப் படத்தை ஹென்றி பார்க்கும்போது வானத்தில் ஜூபிடரும் ஜூனோவும் ஆசீர்வதிக்கிறார்கள். மார்செய் துறைமுகத்தில் அவள் இறங்கும்போது தண்ணீரிலிருந்து கடற்கன்னிகள் எழுந்து கயிறு பிடிக்கிறார்கள். பிரான்ஸ் என்னும் பெண் நீல அங்கியில் பொன் லில்லிப் பூக்கள் மின்ன, குனிந்து வரவேற்கிறாள். இந்த நீல அங்கியையும் பொன் லில்லியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம். 1617இல் துரத்தப்பட்டதை ரூபன்ஸ் ஒரு படமாக வரைந்துவிட்டார். அது வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். மகனுக்குக் கோபம் வரும். அந்தச் சுவரை நிரப்ப அவர் அவசரமாக வரைந்து கொடுத்ததுதான் 'அரசியின் ஆட்சியில் மகிழ்ச்சி' என்ற ஓவியம். மரீ கையில் தராசோடு நீதியாகவே உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் அறியாமையும் அவதூறும் பொறாமையும் நசுங்குகின்றன. துரத்தப்பட்ட இடத்தில் மகிழ்ச்சி! 'காலத்தின் வழக்கம்' என்பவர்கள் இதைப் பாருங்கள். எது உண்மை, எதை மறைக்க வேண்டும் என்று வரைந்தவருக்கும் தெரியும், வரையச் சொன்னவளுக்கும் தெரியும். 1631இல் அவள் மறுபடி நாட்டை விட்டு ஓடி, 1642இல் கொலோன் நகரத்தில் கடனாளியாகச் செத்தாள். இந்த ஓவியங்கள் முடிந்த 1625இல் அவள் மகள் ஹென்ரியெட்டா மரியாவைக் கட்டிக்கொண்டவன்தான் நம் முதல் பத்தியில் இரண்டு சட்டையோடு நடந்துபோன சார்லஸ். மாமியாருக்கு வரைந்த அதே கை மருமகனுக்கும் வரைந்தது.

ரூபன்ஸுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். 1638இல் 'போரின் கொடுமைகள்' என்று ஒன்று வரைந்தார். கறுப்பு உடை கிழிந்த ஐரோப்பா கையை உயர்த்திக் கதறுகிறாள், பிள்ளையை அணைத்த தாய் கீழே விழுந்து கிடக்கிறாள், போர்க்கடவுள் மார்ஸ் புத்தகங்களை மிதித்துக்கொண்டு போகிறான். முப்பதாண்டுப் போர் ஜெர்மன் நிலத்தைச் சுடுகாடாக்கிக் கொண்டிருந்த நேரம். அந்தப் படத்தில் வலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் குற்றவாளி யார்? மார்ஸ். ஹாப்ஸ்பர்க் பேரரசன் கிடையாது, பிரெஞ்சு அமைச்சன் கிடையாது, கூலிப்படை நடத்திப் பணம் பார்த்தவன் கிடையாது. படம் போய்ச் சேர்ந்தது ஃப்ளாரன்ஸின் மெடிசி கோமகனிடம். உருவகத்தில் அழுவதற்கும் இடமுண்டு. பெயர் சொல்வதற்குத்தான் இடமில்லை.

இந்த வித்தை உச்சத்துக்குப் போனது வெர்சாயில். பதினான்காம் லூயி, சூரிய மன்னன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். கண்ணாடி மண்டபம் 1678இல் தொடங்கி 1684இல் முடிந்தது. 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். கூரையை வரைந்தவர் ஷார்ல் லெ ப்ரன். முதலில் அப்பல்லோவின் கதை வரைவதாகத் திட்டம், பிறகு ஹெர்குலிஸ் கதை. கடைசியில், கிரேக்கக் கடவுள்கள் எதற்கு, மன்னனின் சொந்தச் சாதனைகளையே வரையுங்கள் என்று முடிவானது. 30 ஓவியங்கள், 1661 முதல் 1678 வரையிலான ஆட்சி. கடவுள்கள் மன்னனுக்கு எடுபிடி ஆனார்கள். 1672இல் ரைன் நதியைக் கடந்த காட்சியில் லூயி ரோமானியக் கவசத்தோடு தேரில் இடியைக் கையில் பிடித்துப் பாய்கிறான். அன்று குதிரையோடு ஆற்றில் நீந்தியவர்கள் சிப்பாய்கள். மன்னன் கரையில் நின்று பார்த்தான். படங்களுக்கு அடியில் எழுதிய வாசகங்கள் ஊதிப் பெருத்துப்போய்க் கேட்பவர்களே கூசும்படி இருந்ததால், பிறகு ரசீனையும் புவாலோவையும் கூப்பிட்டு மாற்றி எழுத வைத்தார்கள். முகத்துதிக்கும் ஒரு தரக்கட்டுப்பாடு வேண்டியிருந்தது.

அந்த முப்பதில் ஒன்று, 1662 பஞ்சத்தில் மன்னன் மக்களின் துயர் துடைத்தது. ஆக, மக்கள் கூரைக்கு வருவதற்கு ஒரே வழி இருந்தது. பட்டினி கிடந்து கையேந்த வேண்டும். கையை முஷ்டியாக மடக்கியவர்களுக்கு அங்கே இடமில்லை. கூரையில் பிரமாதமாக வரையப்பட்ட டச்சுப் போரை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. முத்திரைத் தாளுக்கு வரி, புகையிலைக்கு வரி, தகரப் பாத்திரத்துக்கு வரி. 1675இல் பிரித்தானி மாகாணத்துக் குடியானவர்கள் எழுந்தார்கள். சிவப்புக் குல்லாய்க் கிளர்ச்சி என்று பெயர். பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போய்க் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள், தங்களுக்கான சட்டங்களைத் தாங்களே எழுதினார்கள். மன்னனின் படை வந்தது. மரத்துக்கு மரம் ஆட்களைத் தொங்கவிட்டார்கள். ஊரைத் திரட்ட மணியடித்த குற்றத்துக்காகச் சில தேவாலயங்களின் மணிக்கோபுரங்களையே வெட்டிப் போட்டார்கள். பிரித்தானியின் தென்மேற்கு மூலையில் பொன்-லாபே பக்கம் போனால் தலையில்லாத அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1661 முதல் 1678 வரை என்று கணக்கு வைத்த கூரையில் 1675இன் பிரித்தானி கிடையாது. ஆட்சியின் உண்மையான ஓவியம் பொன்-லாபேயில் நிற்கிறது. வரைந்தது கோடரி.

வெர்சாயைக் கட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1685இல் அங்கே 36,000 பேர் வேலை பார்த்ததாக அரண்மனை நாட்குறிப்பு சொல்கிறது. அதே ஆண்டு, தோட்டத்து நீரூற்றுகளுக்காக யூர் நதியைத் திருப்பிக் கொண்டுவரப் பல்லாயிரம் சிப்பாய்களை மந்தெனோன் பக்கம் கால்வாய் வெட்ட இறக்கினார்கள். சதுப்புக் காய்ச்சலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1688இல் போர் வந்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள். நீரூற்றுக்குத் தண்ணீர் வரவே இல்லை. 1693-94 பஞ்சத்தில் பிரான்சில் சுமார் 13 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்று மக்கள்தொகை வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். கண்ணாடி மண்டபம் முடிந்து பத்தே வருடம்.

இப்போது அந்த லில்லிப் பூவுக்குத் திரும்புவோம். 1685 மார்ச்சில் லூயி ஒரு அரசாணை போட்டான். கரீபியத் தீவுகளில் கரும்புக் காட்டில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளைப் பற்றிய சட்டம். கறுப்புச் சட்டம் என்று பின்னாளில் பெயரானது. அதன் 44ஆம் பிரிவு அடிமைகளை அசையும் சொத்து என்கிறது. 13ஆம் பிரிவின்படி தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. பிறக்கும்போதே நிலை முடிவாகிவிடும் என்பதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 38ஆம் பிரிவு: தப்பி ஓடி ஒரு மாதம் ஆன அடிமை பிடிபட்டால் காதுகளை அறுத்து, ஒரு தோளில் லில்லிப் பூ முத்திரையைக் காய்ச்சிப் பதிக்க வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் பின்தொடை நரம்பை வெட்டி, மறுதோளில் லில்லிப் பூ. மூன்றாம் முறை மரணம்.

அதே லில்லிப் பூ. லூவரில் பிரான்ஸ் என்னும் பெண்ணின் நீல அங்கியில் பொன்னாக மின்னும் பூ. வெர்சாய் எங்கும் வரைந்தும் செதுக்கியும் வைத்த பூ. நம் வகுப்புகளில் அதைப் பிரெஞ்சு அரசகுலச் சின்னம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அங்கியின் மடிப்புக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். சின்னம் என்பது துணியில் இருக்கும்போது கலை வரலாறு, தோளில் இருக்கும்போது காலனிய வரலாறு என்று இரண்டு பாடமாகப் பிரித்து, இரண்டு தேர்வாக எழுத வைக்கிறார்கள். ஒரே ஆட்சி, ஒரே மன்னன், ஒரு வருட இடைவெளி. ஒரே பாடமாகத்தான் படிக்க வேண்டும்.

'ஐரோப்பியக் கூரை நமக்கெதற்கு' என்று கேட்கும் தோழர்களுக்கு: அந்தக் கூரையில் நம் நாடும் இருக்கிறது. 1778இல் லண்டன் லெடன்ஹால் தெருவில், கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தின் வருவாய்க் குழு அறைக் கூரைக்கு ஸ்பிரிதியோனே ரோமா என்பவர் ஒரு ஓவியம் வரைந்தார். பாறைமேல் வெள்ளைக்காரப் பெண்ணாக பிரிட்டானியா உட்கார்ந்திருக்கிறாள். கீழே கறுத்த தோலோடு குனிந்து முத்தும் மணியும் நீட்டும் பெண் இந்தியா. சீனா பீங்கான் ஜாடி நீட்டுகிறது. வணிகக் கடவுள் மெர்குரி வழிகாட்டுகிறான். பெயர்: 'கிழக்கு தன் செல்வங்களை பிரிட்டானியாவுக்குக் காணிக்கையாக்குகிறது'. காணிக்கையாம்! வங்காளப் பஞ்சம் முடிந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்ததாகக் கம்பெனியின் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772இல் எழுதியிருக்கிறான். அப்படியும் வரி வசூல் குறையவில்லை, கெடுபிடி செய்து வசூலித்தோம் என்பதையும் அவனே சொல்கிறான். அந்த வரியைக் கணக்குப் பார்த்த அறையின் கூரையில்தான் அந்தப் பெண் புன்சிரிப்போடு முத்து நீட்டினாள். மன்னனைத் துதிக்கக் கற்ற மொழியைக் கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொண்டது. இன்று அந்தப் படம் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறது.

இந்த மொழி யாருக்கும் விசுவாசமானதல்ல என்பதையும் பார்த்துவிடுவோம். கிரீனிச்சில் வயதான, ஊனமுற்ற கடற்படை மாலுமிகளுக்காக ஒரு விடுதி கட்டினார்கள். அதன் சாப்பாட்டு மண்டபத்தை ஜேம்ஸ் தார்ன்ஹில் 1707 முதல் 1726 வரை வரைந்தார். கூரைக்குச் சதுர கஜம் 3 பவுண்ட், சுவருக்கு 1 பவுண்ட் என்று அளந்து கூலி. கூரை நடுவில் மூன்றாம் வில்லியம் சுதந்திரக் குல்லாயை ஐரோப்பாவுக்குக் கொடுக்கிறான். அவன் காலடியில் உடைந்த வாளோடு சுருண்டு கிடப்பது யார்? வெர்சாய்க் கூரையில் இடியோடு தேரில் பாய்ந்த அதே பதினான்காம் லூயி! பிரான்சில் சூரியன், கிரீனிச்சில் கொடுங்கோன்மை. சுதந்திரக் குல்லாய் கொடுக்கும் இந்த வில்லியம் கையெழுத்திட்ட ஆணையின் பேரில்தான் 1692 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் க்ளென்கோ பள்ளத்தாக்கில், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த சிப்பாய்கள் விடியற்காலையில் எழுந்து, சோறு போட்ட வீட்டுக்காரர்களை வெட்டினார்கள். 38 பேர். குல்லாய் சிவப்பாகத்தான் இருக்கிறது.

1649க்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மன்னர் பதவியையே நாடாளுமன்றம் ஒழித்தது. சார்லஸ் சேர்த்த ஓவியங்களை விற்கவும், அரண்மனை வைத்திருந்த கடனுக்கு ஈடாகக் கொடுக்கவும் தொடங்கினார்கள். அரண்மனைக்குக் குழாய் வேலை பார்த்த ஜான் எம்ப்ரீக்கு நிலுவைக் கூலிக்குப் பதிலாக ஓவியங்கள் கிடைத்தன, டிஷியன் வரைந்த ஒன்று உட்பட. மன்னனின் கடன்பாக்கி உழைத்தவன் வீட்டுச் சுவருக்கு வந்த காலம் அது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் கிடைத்தவரை திரும்பப் பிடுங்கினார்கள். ரூபன்ஸின் கூரை மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் இன்னும் போய்ச் சேரவில்லை. பின்னாளில் சீட்டு வாங்கி உள்ளே போனவர்கள் அண்ணாந்து கழுத்து வலிக்க வேண்டாம் என்று சாய்ந்து படுக்க மெத்தை போட்டு வைத்திருந்தார்கள்.

கிரீனிச் மண்டபம் மாலுமிகளின் சாப்பாட்டுக் கூடமாகத்தான் கட்டப்பட்டது என்று சொன்னோம். அந்த விடுதிக்காக ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலும் மாதம் ஆறு பென்ஸ் பிடித்தார்கள். வரைந்து முடித்ததும், இவ்வளவு அழகான இடத்தில் கிழட்டு மாலுமிகள் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று தோன்றிவிட்டது. அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பி, மேலே காசு கொடுத்துப் பார்க்க வருபவர்களை விட்டார்கள். அந்தப் பிரம்மாண்டமான கூரையில், பருவங்களின் உருவகங்களுக்கு நடுவே, குளிர்காலம் என்று ஒரு வெண்தாடிக் கிழவர் இருக்கிறார். அகராதியைப் பார்த்து வரைந்த முகமல்ல அது. விடுதியில் இருந்த மாலுமி ஜான் வொர்லி, தொண்ணூறைத் தாண்டியவர். குடித்ததற்கும் கெட்ட வார்த்தை பேசியதற்கும் அடிக்கடி தண்டனை வாங்கியவர். தார்ன்ஹில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரைந்தார். முடிந்ததும் அவர் சாப்பிடப் போயிருக்க வேண்டிய மேசை கீழ்த்தளத்தில் இருந்தது.